கேட்டால்தான் தீட்டு

கோமு சித்தி தன் தம்பி கல்யாணத்துக்குப் போன கதை திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரஹாரத்தில் எல்லோருக்கும் தெரியும். புறப்படுகிற அன்று காலையில் தந்திக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்புவதை அவள் பார்த்துவிட்டாள். பம்பாயில் புக்ககத்துப் பங்காளி ஒருவர் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது. தந்தியைப் பிரித்தால் பத்து நாள் தீட்டு, கல்யாணம் அம்போ. சித்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக இறங்கி, டவுன் பஸ் பிடித்து, சாயங்கால ரயில் வரும்வரை தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு வாரப் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணச் சாப்பாட்டை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "என்னமோ தந்தி வந்துதாமே, என்ன விசேஷம்?" என்று கேட்டாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கிணற்றடியைக் காட்டினாள். சாவு எப்போது நடந்தது என்பதல்ல, அது காதில் எப்போது விழுந்தது என்பதுதான் கணக்கு. அதைச் சொன்னது சித்தி இல்லை, சாஸ்திரம்.

அந்தச் சித்திதான் காந்திமதியையும் அவள் அண்ணன் தாணுவையும் வளர்த்தாள். அம்மா போனபோது காந்திமதிக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. சித்தி அப்பாவின் தம்பி மனைவி, பிள்ளை இல்லை. ஒரே வீடு, ஒரே சமையல். யார் யாருக்குப் பிள்ளை என்று அந்த வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

காந்திமதி புவியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றெட்டு ஜனவரியில், ஆக்குளம் பக்கத்துக் குன்றின்மேல் இருந்த சிறிய பல்கலைக்கழகம் ஒன்று, ஆற்றங்கரை ஊர்களைப் பற்றி நாலு வாரச் சர்வதேசப் படிப்பு ஒன்றை நடத்தியது. பல தேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், முடிவில் இந்திய மாணவர்களில் ஒருவரை மட்டும் நார்வேக்கு ஒரு வருஷம் அனுப்புவார்கள். ஒரு நாள் வகுப்பைத் தவறவிட்டாலும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று டைரக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நார்வே காந்திமதிக்கு வெறும் நார்வே இல்லை. தை பிறந்ததிலிருந்தே பம்பாய்ப் பக்கத்து டோம்பிவிலியிலிருந்து வந்த ஜாதகம் ஒன்று ஊஞ்சல் பலகையில் கிடந்தது. பையனுக்குப் பேங்க் உத்தியோகம், பெண் வேலைக்குப் போகக் கூடாது, மேலே படிக்கவும் கூடாது. இடம் கிடைத்தால் கல்யாணப் பேச்சை நிறுத்திவைக்கலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். கிடைக்காது என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு அது.

இடைஞ்சல் அம்பி தாத்தா. அப்பாவின் பெரியப்பா, தொண்ணூறு தாண்டியும் தெருவுக்கே அம்பி. பிள்ளை குட்டி கிடையாது. மார்கழியிலிருந்து கட்டிலோடு கிடந்தார், காது அனேகமாகப் போய்விட்டது, டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். கொள்ளி சித்தப்பாதான் வைக்க வேண்டும் என்பதுவரை அவர் தலைமாட்டிலேயே பேசி முடித்தாகிவிட்டது.

"தீட்டைச் சொமந்துண்டு சபையிலே போய் ஒக்காரப்படாது," என்றார் அப்பா. "அப்படி ஒண்ணு ஆச்சுன்னா அன்னிக்கே ஆத்துக்கு வந்துடணும். அதிலே மாத்தமில்லை."

சித்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். புருஷனுக்கு மூத்தவரோடு அவள் ஒருநாளும் நேரே பேசியதில்லை. எதுவானாலும் தாணு வழியாகத்தான் போகும்.

"தாணு, ஒங்கப்பாகிட்டே சொல்லு. காதிலே விழுந்தாத்தானே தீட்டு? நாலு வாரம் கொழந்தை காதிலே யாரும் ஒண்ணும் போடாம இருந்தாப் போரும். படிப்பு முடிஞ்சு வந்து அழுதுக்கட்டும்."

சாஸ்திரத்தில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையும் சாஸ்திரம்தான் என்று நினைக்கிற மனிதர் அப்பா. சரி என்று தலையை ஆட்டினார். கட்டிலிலிருந்து அம்பி தாத்தா, "என்ன, காப்பியா?" என்றார்.

பஸ் ஸ்டாப் வரை சித்தி கூட வந்தாள். ஒரு கை வயிற்றிலேயே இருந்தது. கேட்டதற்கு, "வாயு. இஞ்சிச்சாறு குடிச்சாச் செரியாப் போகும்," என்றாள். பஸ் வந்ததும் ஜன்னல் பக்கம் எக்கி, "யாரு வந்து கூப்பிட்டாலும் எறங்கிப் போகாதே, கேட்டியா. மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு எவன் வந்தாலும் ஓடிடு," என்று சொல்லிச் சிரித்தாள்.

பல்கலைக்கழகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று கட்டடம், ஒரு மெஸ், சுற்றிலும் பறங்கி மாமரம் என்கிற முந்திரி, ஒரே ஒரு கேட், அதில் சுவாமிதாஸ் என்கிற பாறசாலைக்காரக் காவல்காரர். ஆனால் முதல் வாரம் காந்திமதிக்கு அது உலகமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அவள் பெயரில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்; கானாவிலிருந்து வந்த கோஃபி, காந்தி என்று கூப்பிடும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டான். அறைத்தோழி இங்க்ரித் நார்வேக்காரி, தேர்வாகிறவரை அனுப்பப்போகிற பெர்கன் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தவள். அங்கே மழை எப்படிப் பெய்யும் என்று அவள் சொல்லச் சொல்ல, காந்திமதி மனத்தளவில் குடையே வாங்கிவிட்டாள்.

இரண்டாவது வாரம் தொடங்கிய அன்று, மாடி வராந்தாவில் நின்றவள் கேட்டில் தாணுவைப் பார்த்தாள். முகத்தில் நாலைந்து நாள் தாடி. தோள் இரண்டும் தொங்கிக் கிடந்தன. வேறு என்ன வேண்டும்? அந்த வீட்டு ஆண்கள் சவரம் செய்யாமல் வாசல் தாண்டுவது தீட்டுக் காலத்தில்தான். அம்பி தாத்தா போய்விட்டார். அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

சுவாமிதாஸ் படியேறி வந்தார். "மக்களே, ஒங்க அண்ணன் வந்து நிக்காரு. ஒரு நிமிசம் எறங்கி வரணுமாம்."

"கிளாஸ் நடக்கறதுன்னு சொல்லிடுங்கோ."

"சொன்னேன். முக்கியமான காரியம்னு சொல்லுதாரு. நான் வேணும்னா என்னான்னு கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம். நீங்க கேக்கவே வேண்டாம். அவன் சொன்னாலும் எங்கிட்டே வந்து சொல்லாதீங்கோ."

சுவாமிதாஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கூடப்பொறந்த அண்ணன்தானே அது?" என்றார்.

அவள் வகுப்புக்குள் போய்விட்டாள். தாணு வெகுநேரம் பறங்கி மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக அவன் தலை தெரிந்தது. போகும்போது ஒருமுறை மேலே பார்த்தான், பிறகு நடந்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று பேசிவைத்துவிட்டு முதல் ஆளாக ஓடி வருகிறானே என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இரவு கோபம் போய் அழுகை வந்தது. சின்ன வயதில் அம்பி தாத்தா தன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனது நினைவுக்கு வந்தது. ஆனால் அழுதால் தெரியும் என்று ஆகிவிடும். தெரியாத ஒருத்தி எதற்காக அழ வேண்டும்? முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்தாள். நன்றாகத்தான் மாட்டிக்கொண்டாள் பெண்.

அதன் பிறகு அந்தக் குன்று சிறுத்துக்கொண்டே வந்தது. வார்டன் அறையில் போன் அடித்தால் இவள் மாடிக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோவளத்துக்குக் கிளம்பியபோது, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் தெரு ஆட்கள் யாராவது எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று தலைவலியைச் சொல்லி அறையில் கிடந்தாள். மெஸ்ஸாவது பத்திரமாக இருந்தது என்றால் அதுவும் போயிற்று. பழைய சமையல்காரர் நின்றுவிட, புதிதாக வந்து சாம்பார் வாளியோடு நின்றவர் அடுத்த தெரு ராமசுப்பு மாமா.

"ஏ காந்திமதி, நீ இங்கேயா இருக்கே?" அவர் கரண்டியை வாளியில் போட்டார். முகம் மாறியது. "கொழந்தே, ஒங்காத்திலே..."

அவள் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அன்றிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும்தான். சில நாள் இங்க்ரித் ஒரு டப்பாவில் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். காரணம் கேட்டுக் கேட்டு ஒருநாள் காந்திமதி எல்லாவற்றையும் சொன்னாள்.

இங்க்ரித் பொறுமையாகக் கேட்டாள். "அப்படியென்றால் அந்தத் தாத்தா இறந்தது உனக்குத் தெரியும்."

"யாரும் சொல்லவில்லை."

"ஆனால் தெரியும். அழவும் மாட்டாய், வீட்டுக்குப் பேசவும் மாட்டாய், சாப்பிட வெளியே வரவும் மாட்டாய். வீட்டுக்குப் போனாலும் இதைத்தானே செய்யச் சொல்லியிருப்பார்கள்?"

காந்திமதிக்குச் சுருக்கென்றது. அந்த நிமிஷத்தில் சித்தியோடு ஒரு வார்த்தை பேச முடிந்தால் போதும் என்று இருந்தது. சித்தி இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள், இங்க்ரித்தையும் சேர்த்துச் சிரிக்க வைப்பாள். பாவம், பத்து நாளும் வந்து போகிறவர்களுக்கெல்லாம் வடித்துக் கொட்டி அவள் இடுப்பு ஒடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் கள ஆய்வு. வேன் புறப்பட்டுப் பாதி வழி வந்த பிறகுதான், போகிற இடம் கரமனை ஆற்றுப் படித்துறை என்று டைரக்டர் சொன்னார். உள்ளூர்ப் பெண் ஒருத்தி கூட இருக்கிறாள், அவளே விளக்கிச் சொல்வாள் என்றும் சொன்னார். வேன் பாலத்தருகில் நின்றதும் காந்திமதி தலை சுற்றுகிறது என்றாள். பொய்யும் இல்லை. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலில் வேகிற வேனுக்குள், தான் பிறந்து வளர்ந்த தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒளிந்துகொண்டிருந்தாள்.

திரை ஓரத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். படித்துறையின் கடைசிப் படியில் ஈர வேஷ்டியோடு சித்தப்பா நின்றார். மொட்டைத் தலை. வாத்தியார் ஏதோ சொல்ல, அவர் குனிந்து தண்ணீரில் பிண்டத்தை விட்டார். தூணோரம் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான், திரையை இழுத்து மூடிவிட்டாள். கண்ணால் பார்த்ததற்குச் சாஸ்திரத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. திரும்பி வந்த இங்க்ரித், "அங்கே ஒரு சடங்கு..." என்று ஆரம்பித்தாள். காந்திமதி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். இங்க்ரித் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசி வாரம் பேய் பிடித்தவள் மாதிரி உழைத்தாள். வேறு என்ன செய்ய இருந்தது? கரமனை ஆறு ஐம்பது வருஷத்தில் எங்கெங்கே ஒதுங்கியது, எந்தத் துறை தூர்ந்தது என்று வரைபடம் வரைபடமாகப் போட்டாள். கட்டுரையை வாசித்து முடித்தபோது கோஃபி எழுந்து நின்று கும்பிட்டான். சாயங்காலம் டைரக்டர் அறிவித்த பெயர் அவளுடையதுதான். இங்க்ரித் கட்டிக்கொண்டு சுற்றினாள். பெர்கன், ஒரு வருஷம். டோம்பிவிலி தீர்ந்தது.

போன் பண்ணலாம், இனிமேல் பயமில்லை. ஆனாலும் இது நேரில் சொல்ல வேண்டிய சேதி. மறுநாள் காலையில் கிழக்கேகோட்டையில் இறங்கி, சித்திக்கென்று ஒரு பந்து பிச்சிப்பூ வாங்கினாள். கரமனை பஸ்ஸில் உட்கார்ந்தபடி, சொல்ல வேண்டிய வசனத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். செருப்பைக் கழற்ற வேண்டும், குரலில் ஒன்றும் தெரியக் கூடாது. சித்தி அடுப்படியிலிருந்தே சிரித்துவிடுவாள்.

வாசலில் கோலம் போட்டிருந்தது. பதிமூன்று நாளும் முடிந்து சுபமும் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"தாணு ஏதோ சொல்ல வந்தானாமே, என்ன விசேஷம்?"

கூடத்திலிருந்து இருமல் கேட்டது. "யாரது? கோமு, யாரோ வந்திருக்கா பாரு," என்றார் அம்பி தாத்தா.

காந்திமதி நிலைப்படியில் நின்றாள். கட்டில் அங்கேயே இருந்தது. கட்டிலில் தாத்தா இருந்தார், போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. சமையலறையிலிருந்து தாணு வந்தான். இடுப்பில் துண்டு, கையில் கரண்டி, புகையில் கண் சிவந்திருந்தது. அந்த வீட்டில் தாணு கரண்டி பிடித்து அவள் பார்த்ததில்லை.

"படிப்பு முடிஞ்சுதா?" என்று கேட்டான். பிறகு, "இப்போ சொல்லலாமா?" என்றான்.

அவன் சொன்னான்.

சித்தி வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனது இவள் புறப்பட்ட நாலாம் நாள். உள்ளே ஏதோ வெடித்துப் புரையோடிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தும் உயிர் நிற்கவில்லை.

"கேட்டிலே..." என்றாள் காந்திமதி.

"நான் அன்னிக்குச் சாவு சொல்ல வரலை, காந்தி. அப்போ சித்தி இருந்தா. நல்லாப் பேசிண்டிருந்தா. ஒன்னை ஒருதரம் பாக்கணும்னா. அதுக்குத்தான் வந்தேன்."

"தாடி..."

"நாலு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவிலே கெடந்தேன். பின்னே எங்கே போய்ச் சவரம் பண்ணிக்கறது?"

தாணு கரண்டியை ஜன்னல் திண்டில் வைத்தான்.

"நீ எறங்கி வரலைன்னு போய்ச் சொன்னேன். சிரிச்சா. தையல் போட்ட வயத்தைப் பிடிச்சுண்டு சிரிச்சா. 'அம்பி தாத்தா போய்ட்டார்னு நெனச்சுண்டிருக்கா கள்ளி, யாரு சொல்லிக் கொடுத்த வித்தை'ன்னா. அப்பா ஒங்க டைரக்டருக்குப் போன் பண்ணறேன்னார். சித்தி அப்பாவை நேரே பாத்துச் சொல்லிட்டா, 'அவ படிப்பு முடியறவரைக்கும் அவ காதிலே ஒண்ணும் போடப்படாது. எது நடந்தாலும்'னு. அப்பாவோட அவ நேரே பேசினது அது ஒண்ணுதான். அதுக்கு ரெண்டாம் நாள் போய்ட்டா. அப்பறம் நாங்க யாரு ஒங்கிட்டே வர?"

படித்துறையில் பார்த்த மொட்டைத் தலை ஒன்றே ஒன்று என்பது இப்போதுதான் காந்திமதிக்கு உறைத்தது. அம்பி தாத்தா போயிருந்தால் அப்பாவும் தாணுவும்கூட மழித்திருப்பார்கள்; பெண் சாவுக்கு அந்த வீட்டில் கொள்ளி வைத்தவர் மட்டும்தான். தூணோரம் உட்கார்ந்திருந்தது அவர்கள்தான், தலை நிறைய முடியோடு. இன்னும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். பார்க்காமல் திரையை இழுத்தது அவள் கை.

"அண்ணா," என்று அவன் பக்கம் ஓரடி வைத்தாள். தாணு தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனான். போனவன் அப்படியே கூசி நின்றான். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கால் அது.

அப்பா பின்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. குரல் மட்டும் வந்தது, கரகரத்து.

"கேட்டாச்சோல்லியோ. உடுத்தின துணியோட தலை முழுகணும். பத்து தாண்டிக் கேட்டதாலே ஒனக்கு மூணு நாள்."

வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நாளும் சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து அழுது, சேர்ந்து முழுகி, பதிமூன்றாம் நாள் பாயசம் வைத்துச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். காந்திமதி ஒருத்திக்கு மட்டும் இன்றைக்குத் தொடங்குகிறது. கிணற்றடியில் தாணு வாளியை நிரப்பி வைத்துவிட்டு ஒதுங்கிப் போனான். அவளே எடுத்து அவளே தலையில் ஊற்றிக்கொண்டாள். பிச்சிப்பூ வாசல் படியிலேயே கிடந்தது. தீட்டுக்காரி வாங்கிவந்த பூவை யாரும் எடுக்கவில்லை. நார்வே பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் அவளுக்குப் பாய் போட்டார்கள். சாப்பாட்டை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா ஒருமுறை அந்தப் பக்கம் வந்து, அரைகுறையாக முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கொல்லைப் பக்கம் போய்விட்டார். யாராவது ஒருவர் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மத்தியானம் தாணு வந்து நிலைப்படிக்கு அப்பால் நின்று தணிந்த குரலில் சொன்னான். "தாத்தாகிட்டே யாரும் சொல்லலை. தாங்க மாட்டார். நீயும் ஒண்ணும் சொல்லிடாதே." ஆக, அந்த வீட்டில் காதில் விழாதவர் இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கூடத்துக் கட்டில் கிறீச்சிட்டது. "கோமு, காப்பி," என்றார் அம்பி தாத்தா. கொஞ்சம் பொறுத்து, "கோமு எங்கேடி?" என்றார். வீட்டில் வேறு யாரும் உள்ளே இல்லை.

"ஆஸ்பத்திரியிலே இருக்கா தாத்தா," என்றாள் காந்திமதி அறைக்குள்ளிருந்து, குரலை உயர்த்தி.

"இன்னுமா வரலை? வயத்து வலிக்கு இத்தனை நாளா?" கிழவர் புரண்டு அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீ போய்ப் பாத்தியோ அவளை?"

காந்திமதி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன் தாத்தா," என்றாள்.

"ஆங்?" என்றார் தாத்தா, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு. அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அதை அவள் இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.